அதிகாரி வரும்போது எழாமல் இருப்பது

நடந்தவை, வரிசையாக:

1. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை, தன் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்குச் சான்றிதழ் பெற்றுத் தரும்படி எங்களைக் கேட்டது.
2. மூவரில் இருவராவது தேர்ச்சி பெற வேண்டும். இல்லையென்றால் காப்பகத்தின் அனுமதி புதுப்பிக்கப்படாது.
3. வழக்கமாக அரை ஆண்டு பிடிக்கும் பயிற்சியைத் தீபாவளிக்கு முன் முடித்துத் தேர்வுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.
4. மாதிரித் தேர்வில் மூவரும் தவறினார்கள். ஒருவர் மோசமாகத் தவறினார்.
5. அந்த ஒருவரை நீக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்க்கச் சொன்னார்கள். நான் நீக்கவில்லை.
6. உண்மையான தேர்வு நாளில் ஆலையின் பொது மேலாளர் வந்து அவரை எழுந்து நிற்கச் சொன்னார்.

இனி விரிவாக.

நான் களப் பணியிலிருந்து சேலம் அலுவலகத்துக்கு மாறுகிறேன். என் பகுதிகளைப் பிரித்து எடுத்துக்கொள்ளப் போகிற நீங்கள், போகும் முன் ஏதாவது சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்களில் ஒருவர் என்னைவிட வயதில் பெரியவர். விண்ணப்பம், பதிவேற்றம், பாடத்திட்டம் எல்லாம் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். எனவே அவற்றை விட்டுவிட்டு, இந்த வேலையை எனக்குப் புரிய வைத்த ஒரு காப்பகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் படித்தது மின்னணுப் பொறியியல். இந்த அமைப்பில் சேர்ந்ததே தேர்வு நடத்தும் டேப்லெட்டுகளைப் பார்த்துக்கொள்ளத்தான். களத்தில் இருந்த ஒருவர் பிரசவ விடுப்பில் போனதால் என்னை அனுப்பினார்கள். எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். வீட்டில் நான்தான் கடைக்குட்டி, கைக்குழந்தையைத் தூக்கிப் பழக்கமில்லை. குழந்தை பராமரிப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன தகுதி என்று முதல் நாள் பேருந்தில் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். உங்களுக்கும் அந்தக் கேள்வி வரும். வரட்டும்.

நம் வேலை என்ன என்பதை ஒரு முறை நேராகச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக ஒரு வேலையைச் செய்தும் அதற்கான காகிதம் கையில் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். தெரியாததை மட்டும் சொல்லிக்கொடுத்து, வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் முன் நிறுத்த வேண்டும். அவர் அவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பார், வாய்மொழியாகக் கேள்வி கேட்பார், பிறகு டேப்லெட்டில் ஒரு தேர்வு. மூன்றிலும் தேறினால் சான்றிதழ்.

அந்தக் காப்பகம் ஆலையின் பின்பக்கம், கேன்டீனை ஒட்டி இரண்டு அறைகளில் இருந்தது. ஷிப்டுக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகள் அங்கே இருப்பார்கள். பாதி உள்ளூர்க் குழந்தைகள், பாதி ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள். பார்த்துக்கொள்ள மூன்று பேர். கோமதி பிளஸ் டூ படித்தவள், இளையவள், எதையும் ஒரு தடவை சொன்னால் போதும். சம்பூர்ணம் அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பேச்சு நிற்காது. பூங்கொடி அக்கா பேசவே மாட்டார்.

பூங்கொடி அக்கா முன்பு அதே ஆலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். பஞ்சுத் தூசியால் மூச்சிளைப்பு வந்து, மருத்துவமனையில் கிடந்து, அதன் பிறகு காப்பகத்துக்கு மாற்றப்பட்டார். முதல் வாரம் என்னிடம் அவர் சேர்ந்தாற்போல் பேசியது ஒரே ஒரு முறைதான்.

“டீச்சருங்க, நான் பாஸாகலீன்னா சர்டிபிகேட் இருக்கற ஆளை வெளியில இருந்து எடுத்துக்குவாங்க. என்னையத் திருப்பி நூல் ஓட்டற பிரேமுக்கே அனுப்பிருவாங்க. அந்தத் தூசுல இன்னொரு தடவ நின்னா நான் எந்திரிச்சு வர மாட்டேனுங்க.”

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் இரண்டு நாள் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். பாடத்திட்டத்தில் உள்ள திறன்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, யார் எதை ஏற்கனவே செய்கிறார்கள் என்று குறித்தேன். கை கழுவுவது, உணவைச் சோதித்துவிட்டு ஊட்டுவது, தூங்கும் குழந்தையைப் பக்கவாட்டில் திருப்புவது, வந்து கூட்டிப்போகும் தாயிடம் குழந்தை அன்று என்ன சாப்பிட்டது என்று சொல்வது. பட்டியலில் பெரும்பகுதி நிறைந்துவிட்டது. நேரம் எங்கே மிச்சமாகும் என்று அப்போது தெரிந்தது. தெரிந்ததை மறுபடியும் சொல்லிக்கொடுக்காமல் இருந்தாலே பாதி நாள் கையில் இருக்கும். அவசரமான வேலைகளில், முதலில் இப்படி உட்கார்ந்து பார்க்கும் வேலையைத்தான் வெட்ட நினைப்பீர்கள். அதை வெட்டாதீர்கள்.

மீதியைக் குழந்தைகள் மதியம் தூங்கும் நேரத்தில் படித்தோம். முதலுதவி, வளர்ச்சிப் படிநிலைகள், பதிவு எழுதுவது. மாதிரி வினாக்களின் தமிழ் அவர்களைப் படுத்தியது.

“அம்முணி, ‘குழந்தையின் கழிவு வெளியேற்றப் பழக்கங்கள்’னு போட்டிருக்குதே, அதென்னுங்க?” என்றார் சம்பூர்ணம் அக்கா.

“கக்கா போறதுதான் அக்கா.”

“அதைச் சொல்றதுக்கா இத்தன நீட்டம்? இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள புள்ள போயே முடிச்சிருமே!”

கோமதி சிரிப்பை அடக்கப் பார்த்து, ஒரு குழந்தையை எழுப்பிவிட்டாள்.

பூங்கொடி அக்காவுக்கு வேறு சிக்கல். டேப்லெட் அவர் விரலை ஏற்கவில்லை. நாள் முழுக்கச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி விரல் நுனி காய்ந்து போயிருந்தது. தொட்டால் திரை அசையாது. அவர் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, “நமக்கு இதெல்லாம் வராதுங்க” என்று தள்ளி வைத்தார். அது படிப்புச் சிக்கலே இல்லை, தோலுக்கும் திரைக்கும் உள்ள சிக்கல். சேலத்தில் ஒரு கடையில் தொடுபேனா வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வினாவுக்குச் சரியான விடையைத் தொட்டுவிட்டு, பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் படிப்பு அந்த அறையில் நேரடியாகப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான். இருந்தாலும் சொல்கிறேன்: ஒருவர் “எனக்கு வராது” என்றால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

மாதிரித் தேர்வுக்கு மதிப்பீட்டாளராக நடிக்க எங்கள் பயிற்சித் தலைவர் வந்தார். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மேடம் என்றே எழுதுகிறேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த நொடியில் நடந்தது இது. கோமதி எழுந்து நின்றாள். சம்பூர்ணம் அக்கா ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அதே வேகத்தில் தண்ணீர் எடுக்கப் போனார். பூங்கொடி அக்கா பிங்கி என்ற குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து கைகூப்பி நின்றார்.

பிங்கிக்கு அப்போது ஒன்றரை வயது. தாய் ஒடிசாக்காரர், பூங்கொடி அக்கா முன்பு நின்ற அதே நூற்புப் பிரிவில் இப்போது வேலை செய்பவர். குழந்தைக்கு நடை வந்த புதிது. அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் கதவைப் பார்த்து நின்றுகொண்டிருக்க, அவள் வாயில் சோற்றோடு தள்ளாடித் தள்ளாடிப் பின்பக்கம் கழுவுமிடத்துக்குப் போய்விட்டாள். அங்கே துணி அலசும் வாளியில் தண்ணீர் இருந்தது. அதைப் பிடித்துக் குனிந்துவிட்டாள்.

மேடம் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. நின்றவர்களை விலக்கிக்கொண்டு நேரே போய்ப் பிங்கியைத் தூக்கினார். புடவையெல்லாம் ஈரம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

“பாத்துக்கோணும்கறதெல்லாம் தெரியுமுங்க மேடம்,” என்றார் பூங்கொடி அக்கா. “பெரியவங்க வந்தா எப்படிங்க உக்காந்துட்டிருக்கறது?”

அவர் கேட்டதில் பொய் இல்லை. நம் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் கை வேலையைப் போட்டுவிட்டுத்தான் “வாங்க” என்கிறோம். அதற்கு மேல் ஆலைப் பழக்கம் வேறு. அதிகாரி சுற்றி வரும்போது உட்கார்ந்திருப்பவருக்கு மெமோ வரும். இரண்டும் சேர்ந்து அவர்கள் காலில் ஏறி உட்கார்ந்திருந்தன. நானும் அன்று கதவோரம் நாற்காலியை விட்டு எழுந்துதான் நின்றேன்.

மேடம் மூவருக்கும் ‘தயாராக இல்லை’ என்று எழுதினார். நெருக்கடி தெரிந்தும் மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூட இளக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது நன்றியாக இருக்கிறது.

மாலையில் ஆலையின் எச்.ஆர். சார் எங்களை அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை. காப்பகம் மூடினால் பாதிப் பெண்கள் வேலைக்கு வர மாட்டார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

“கோமதி பாஸ் ஆயிருவா, சரி. இன்னும் ஒருத்தர் வேணும். சம்பூர்ணத்த நம்ப முடியாது, ஆனா அந்தம்மாவ இந்த வேலைக்குன்னே எடுத்தோம், தூக்க முடியாது. பூங்கொடிக்கு மில்லுக்குள்ள வேற வேலை இருக்கு. அவங்க சீட்டுல டிப்ளமோ படிச்ச பொண்ணு ஒண்ணப் போட்டுரலாம். நாளைக்கே எடுத்துக்கறேன். யாருக்கும் நஷ்டமில்ல பாருங்க.”

கணக்கு சரியாகவே இருந்தது. அதுதான் சங்கடம். ஒரு பக்கம் ஒருவருடைய மூச்சு. மறுபக்கம் அந்தக் காப்பகத்தை நம்பி ஷிப்டுக்குப் போகும் அத்தனை தாய்மார்கள். பூங்கொடி அக்காவை வைத்துக்கொண்டு அவர் தவறினால், இரண்டும் போகும்.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் அவங்ககூட இருந்தவங்க. நான் ஒரு மணி நேரம்தான் பார்த்தேன். நீங்க சொல்றதை நான் ஒத்துக்கறேன்.”

முடிவை என் மேல் தள்ளிவிட்டார் என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, முடிவு எடுக்கத் தேவையான விவரம் என்னிடம்தான் இருந்தது. என் குறிப்புகளில் பூங்கொடி அக்காவின் பெயருக்கு நேரே ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது: யார் வந்தாலும் குழந்தையை விட்டு நகராமல் இருப்பது. மற்ற எல்லாவற்றிலும் மூவரில் அவர்தான் முந்தி இருந்தார். ஒரு குறைக்காக ஓர் ஆளை மாற்றுவதா, அந்தக் குறையைச் சரிசெய்வதா? பெயர்களை உறுதி செய்ய இன்னும் சில நாட்கள் இருந்தன.

“சார், பேரை உறுதி செய்யற வரைக்கும் டைம் கொடுங்க. நீங்க எப்ப வேணும்னாலும் சொல்லாம காப்பகத்துக்கு வாங்க. கடைசி நாள்ல அவங்க குழந்தையை விட்டுட்டு எழுந்தா, நானே பேரை மாத்தித் தரேன்,” என்றேன்.

அவர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் நான் செய்த முதல் வேலை பலிக்கவில்லை. ‘யார் வந்தாலும் எழக் கூடாது’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதற்குக் கீழேயே உட்கார்ந்திருந்தும், எச்.ஆர். சார் எட்டிப் பார்த்தபோது மூவரும் எழுந்தார்கள்.

“என்ற ஊட்டுக்காரரு வந்தா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன் அம்முணி,” என்றார் சம்பூர்ணம் அக்கா. “ஆபீசருன்னா காலு தானா எந்திரிச்சுக்குது. காலுகிட்டச் சொல்லுங்க, என்கிட்டச் சொல்லாதீங்க.”

இது அறிவில் இல்லை, உடம்பில் இருக்கிறது என்று அவர் சொன்னது சரி. உடம்பில் உள்ள ஒன்றை உடம்பில் உள்ள இன்னொன்றால்தான் மாற்ற முடியும். அப்படி என்ன இருக்கிறது என்று தேடினேன். அன்று மதியம், பூங்கொடி அக்கா பிங்கிக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“அக்கா, பிரேம்ல நின்னப்ப ஆபீசர் ரவுண்ட்ஸ் வந்தா என்ன செய்வீங்க?”

“என்னங்க செய்வோம்? வணக்கம் வெப்போம்.”

“அறுந்த இழையை ஒட்டிக்கிட்டு இருந்தா?”

அவர் யோசிக்கவே இல்லை. “அப்ப எப்படிங்க வெக்கறது? ஒட்டி முடிச்சுட்டுத்தான் திரும்புவோம். பாதியில உட்டா பக்கத்து இழையும் போயிருமுங்க.”

“ஆபீசர் கோவிச்சுக்க மாட்டாரா?”

“அவருக்குந்தான் தெரியுமுங்களே, கையில இழை இருக்குதுன்னு.”

சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். கிண்ணத்தைப் பார்த்தார், பிங்கியைப் பார்த்தார். பிங்கி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

“அப்ப இவளையும் இழைன்னு நெனச்சுக்கோ, போ,” என்றார் சம்பூர்ணம் அக்கா.

“இழை கடிக்காதுங்க்கா. இவ கடிப்பா,” என்றார் பூங்கொடி அக்கா. அவர் கேலி பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அன்று மாலை மேடத்திடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒன்றைச் சேர்த்தார். “மரியாதையைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா அவங்களுக்குக் குத்தமா இருக்கும். காலிலிருந்து வாய்க்கு மாத்திவிடுங்க.” அதன்படி ஒரு வாசகம் செய்துகொண்டோம். ‘வாங்க சார், உக்காருங்க. பாப்பாவுக்கு ஊட்டிட்டு இருக்கறேன். முடிச்சுட்டு வாரேன்.’ கண் குழந்தை மேல். கை குழந்தை மேல். வணக்கம் வாயால் மட்டும்.

மெமோ பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அதை நான் போக்க முடியாது. எச்.ஆர். சாரிடம் போய், அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் வந்து நின்று, தொண்டையைச் செருமி, “அதாவது, குழந்தைங்க கையில இருக்கறப்ப, யாரு வந்தாலும், நானே வந்தாலும், எந்திரிக்க வேண்டியதில்ல,” என்றார்.

“மெமோ வராதுங்களா சார்?” என்றார் சம்பூர்ணம் அக்கா.

“வராது.”

“ஜி.எம். சாரு வந்தா?”

எச்.ஆர். சார் ஒரு நொடி தயங்கினார். “வராது,” என்றார். அந்தத் தயக்கத்தை நாங்கள் எல்லோரும் கவனித்தோம்.

அதன் பிறகு அவர் நினைத்த நேரத்தில் வந்தார். பூங்கொடி அக்கா முதலில் பாதி எழுந்து உட்கார்ந்தார். பிறகு தோள் மட்டும் அசைந்தது. பெயர் உறுதி செய்யும் நாளில் எச்.ஆர். சார் உள்ளே வந்தபோது அவர் ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வாங்க சார், உக்காருங்க” என்ற குரல் மட்டும் வந்தது. எச்.ஆர். சார் உட்கார்ந்தார். பட்டியலில் பெயர் மாறவில்லை.

தேர்வு நாள். மதிப்பீட்டாளர் வெளியூர்க்காரர், அதிகம் பேசாதவர். தேர்வு நடக்கும்போது பயிற்சியாளர் பேசவோ சைகை காட்டவோ கூடாது என்பது விதி. நான் கதவுக்கு வெளியே ஜன்னலோரம் நின்றேன். மதிப்பீட்டாளர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். குழந்தைகளுக்கு ஊட்டும் நேரத்திலேயே வந்துவிட்டார். தனியாகவும் வரவில்லை. வெளியிலிருந்து அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டுப் பொது மேலாளரும் கூடவே வந்தார், பின்னால் எச்.ஆர். சார்.

கோமதி மறு அறையில் மூன்று குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் அக்கா பொது மேலாளரைப் பார்த்ததும் எழுந்தார். அத்தனை பழகியும் எழுந்தார். எழுந்ததோடு நிற்காமல், “டீ கொண்டாரேனுங்க” என்று கேன்டீன் பக்கம் போய்விட்டார். அறையில் பூங்கொடி அக்காவும், பாயில் அவர் எதிரே பிங்கியும், பக்கத்தில் இன்னும் இரண்டு குழந்தைகளும்.

“வாங்க சார், உக்காருங்க. பாப்பாவுக்கு ஊட்டிட்டு இருக்கறேன். முடிச்சுட்டு வாரேன்.”

சொல்லிவிட்டார். நான் மூச்சு விட்டேன். ஆனால் பொது மேலாளருக்கு நம் ஏற்பாடு எதுவும் தெரியாது.

“என்னம்மா இது? வெளியில இருந்து ஆபீசர் வந்திருக்காரு, உக்காந்துட்டே பேசறே? எந்திரி. சாருக்குச் சேர் எடுத்துப் போடு.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் தேர்வு செல்லாமல் போகும். மதிப்பீட்டாளர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தால் பூங்கொடி அக்கா தேர்வில் தவறுவார். எழாவிட்டால், அவரை எந்தப் பிரிவுக்கும் அனுப்பும் அதிகாரம் உள்ளவர் எதிரே நிற்கிறார். பூங்கொடி அக்காவின் கழுத்து நரம்பு தெரிந்தது. இடது கை பிங்கியின் முதுகில் இருந்தது. அது நகரவில்லை.

“சார், பாப்பா வாயில சோறு இருக்குதுங்க,” என்றார், தலையைத் திருப்பாமல். “முழுங்கட்டுமுங்க.”

பிங்கி நிதானமாக மென்றாள். அன்றைக்கென்று அவளுக்கு அவசரமே இல்லை.

அப்போது ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. இழுத்தவர் எச்.ஆர். சார். மதிப்பீட்டாளருக்கு ஒன்று போட்டார், பொது மேலாளருக்கு ஒன்று போட்டார். “உக்காருங்க சார். இங்க இப்படித்தான் சார். நான்தான் சொல்லி வெச்சேன்,” என்றார். தான் சொன்ன ‘வராது’ என்ற வார்த்தையில் அவர் நின்றார். மேலதிகாரி முன்னால் அப்படி நிற்பது அவருக்கும் எளிதாக இருந்திருக்காது.

பொது மேலாளர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “புள்ள நல்லாச் சாப்பிடுது” என்றார்.

வாய்மொழித் தேர்வில் மதிப்பீட்டாளர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். “மேலதிகாரி சொல்லியும் நீங்க எழவில்லையே, ஏன்?”

“எந்திரிச்சா இவளும் பின்னாலயே எந்திரிச்சு வருவாளுங்க. வாயில சோத்தோட நடந்தா பொறையேறிக்கும்.”

“வேற யாரிடமாவது கொடுத்துட்டு எழுந்திருக்கலாமே?”

“கோமதி கையில மூணு பேரு. சம்பூர்ணக்கா டீ போடப் போயிட்டாங்க.”

சரியாக அப்போது சம்பூர்ணம் அக்கா தட்டில் டீயோடு உள்ளே வந்தார். மதிப்பீட்டாளர் அந்த நாள் முழுவதும் சிரித்தது அந்த ஒரு முறைதான். டீயை வாங்கிக் குடித்தார், சம்பூர்ணம் அக்காவின் பெயருக்கு நேரே எழுத வேண்டியதையும் எழுதினார்.

வெளியே வந்த சம்பூர்ணம் அக்கா என்னிடம், “காலுகிட்டச் சொல்லச் சொன்னேனல்ல அம்முணி, சொன்னீங்களா?” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூவருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தேன். ஆனால் பூங்கொடி அக்காவுக்கு அவருடைய பழைய வேலைக்குள்ளிருந்து ஒன்று கிடைத்தது. சம்பூர்ணம் அக்கா நூற்புப் பிரிவில் நின்றதே இல்லை. அவருக்கு அது இன்னொருவர் கதை. அவர் இதற்கு முன் என்ன வேலை செய்தார் என்று நான் கேட்டதுகூட இல்லை என்பது அன்று பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. நீங்கள் முதல் நாளே கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பிறர் கொடுத்தவை. ஒரு புள்ளியும் இளக்காத மேடம், முடிவை என் கையில் கொடுத்த அதே மேடம். பட்டியல் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்த எச்.ஆர். சார். சுவரில் நான் ஒட்டிய தாளைக் கேலி செய்து, சிக்கல் எங்கே இருக்கிறது என்று காட்டிய சம்பூர்ணம் அக்கா. பயந்துகொண்டே அசையாமல் இருந்த பூங்கொடி அக்கா. இவர்கள் யாருக்கும் நான் முறையாக நன்றி சொன்னதில்லை. போனால் சாப்பிடச் சொல்வார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இப்போதைய நிலை இது. கோமதியும் பூங்கொடி அக்காவும் தேர்ச்சி பெற்றார்கள். காப்பகத்தின் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. இரண்டு அறைகளும் நடக்கின்றன. பூங்கொடி அக்கா அங்கேயே நிரந்தரமாக்கப்பட்டிருக்கிறார், நூற்புப் பிரிவுப் பட்டியலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. இளைப்பு முழுதாகப் போகவில்லை. பனிக்காலத்தில் வருகிறது, மருந்து எடுத்துக்கொள்கிறார். சம்பூர்ணம் அக்கா டேப்லெட் தேர்விலும் வாய்மொழியிலும் தேறிவிட்டார், செய்முறையில் தவறினார். அவருக்கு மறுதேர்வு அடுத்த சுற்றில். ராசிபுரம் பகுதி உங்களில் யாருக்கு வருகிறதோ, சம்பூர்ணம் அக்காவைத் தயார் செய்வது அவருடைய பொறுப்பு.